எதை எடுத்தாலும் அறிவியல்தானே? இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம்: ஓர் ஒப்பீடு

மயிலாடுதுறையில் இருக்கும் என் அண்ணன் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கும் அடங்கிய குரூப்பில் படித்தவள் என்பதால் அறிவியலின் எந்தக் கதவும் அவளுக்கு அடைபடவில்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண்ணும் இருக்கிறது. பொறியியலும் வேண்டாம், மருத்துவமும் வேண்டாம், அறிவியலையே படிக்கிறேன் என்று வீட்டில் முன்பே சொல்லிவிட்டாள். ஆனால் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது எந்தப் பாடப்பிரிவை முதலில் குறிப்பது என்று தெரியாமல் என்னை அழைத்து, “சித்தப்பா, எதை எடுத்தாலும் சயின்ஸ்தானே?” என்று கேட்டாள்.

அரசுக் கல்லூரி ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. ஒரு வகையில் அவள் சொல்வது சரி. ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு கிடைத்த பாடத்தில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் வகுப்புக்கு வரவே மனமில்லாமல் போன பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதையும், சொல்லும்போது எனக்கே தெளிவானதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் சொன்னது எந்த வகையில் சரி என்பதைப் பார்ப்போம். பள்ளிப் பாடப்புத்தகம் அறிவியலைத் தகவல்களின் தொகுப்பாகக் காட்டிவிடுகிறது. தகவல்கள் அறிவியலின் விளைச்சல், அதன் உழவு வேறு. தான் தவறாக இருந்தால் அது எப்படித் தெரியவரும் என்பதைத் தானே சொல்லிவிடும் கூற்றுதான் அறிவியல் கூற்று. அதைச் சொன்னவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், வேறோர் ஊரில் வேறொருவர் அதே சோதனையைச் செய்து பார்த்து ஒப்பினாலொழிய அது நிலைக்காது. இந்த ஒழுங்கு இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் பொது. கிளைகளுக்கு இடையே உள்ள வேலிகள் பல்கலைக்கழகங்கள் தங்கள் வசதிக்காகப் போட்டவை; இயற்கை அவற்றை மதிப்பதில்லை. 1868 ஆகஸ்ட் 18 அன்று, அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் முழுச் சூரிய கிரகணத்தை ஆராய்ந்த வானியலாளர்கள், சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியைப் பிரித்தபோது சோடியத்தின் மஞ்சள் கோடுகளுக்கு அருகே இன்னொரு மஞ்சள் கோட்டைக் கண்டார்கள். அது சோடியத்தோடு பொருந்தவில்லை. பூமியில் யாரும் அறியாத தனிமம் ஒன்று சூரியனில் இருக்கிறது என்ற கருத்து அதிலிருந்து எழுந்து, 1895இல் ராம்சே என்ற வேதியியலாளர் யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து அதே கோட்டைத் தரும் வாயுவைப் பிரித்தெடுத்தபோது உறுதியாயிற்று. ஹீலியம் என்ற அந்தத் தனிமத்தைக் கண்டறிந்தது வானியலா, இயற்பியலா, வேதியியலா என்று கேட்டால், மூன்றும் சேர்ந்துதான் என்றே சொல்ல வேண்டும்.

அறிவியலை முறைசார் அறிவியல், இயற்கை அறிவியல், சமூக அறிவியல் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். கணிதமும் தருக்கமும் கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பகுதியும் முதலாவதில் அடங்கும். இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல், நிலவியல் ஆகியவை இரண்டாவது. பொருளாதாரம், உளவியல், சமூகவியல் போன்றவை மூன்றாவது. இவற்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் மருத்துவம், பொறியியல், வேளாண்மை ஆகியவை தனி. தேர்வில் ஐந்து மதிப்பெண் வாங்க இந்தப் பட்டியல் போதும். எதில் சேர்வது என்று முடிவெடுக்க இது உதவாது. முடிவெடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வியாக எனக்குப் படுவது வேறு: இந்தக் கிளையில் ஒரு சர்ச்சை வந்தால் அதை எது தீர்த்து வைக்கிறது? ஏனென்றால் அந்தத் தீர்த்து வைக்கும் வேலையைத்தான் மாணவர் மூன்று ஆண்டுகள், தொடர்ந்தால் வாழ்நாள் முழுவதும், உட்கார்ந்து செய்யப் போகிறார். அந்த வேலை கைக்கும் மனத்துக்கும் ஒத்துவர வேண்டும்.

கணிதம்

கணிதத்தில் சர்ச்சையைத் தீர்ப்பது நிரூபணம் ஒன்றே. இரண்டைவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பது கோல்ட்பாக் என்ற கணிதவியலாளர் 1742இல் எழுப்பிய ஊகம். கணினிகளைக் கொண்டு 4-க்குப் பின் பதினெட்டு சுழியங்கள் போட்ட எண் வரை சரிபார்த்துவிட்டார்கள், ஒன்றுகூடத் தவறவில்லை. இயற்கை அறிவியலின் எந்தக் கிளையிலும் இவ்வளவு சான்று கிடைத்தால் விழா எடுத்து விதியாக்கிவிடுவார்கள். கணிதத்தில் அது இன்றும் ஊகம்தான். கும்பகோணத்து ராமானுஜன் 1913இல் கேம்பிரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில் அடுக்கடுக்காகத் தேற்றங்களை அனுப்பியபோது, அவற்றின் ஆழத்தைக் கண்டு வியந்த அங்கிருந்த கணிதவியலாளர் ஹார்டி அடுத்துக் கேட்டது நிரூபணங்களைத்தான்.

கல்லூரிக் கணிதம் பள்ளிக் கணிதத்திலிருந்து பிரியும் இடமும் இதுவே. பிளஸ் டூவில் சென்டம் எடுத்தவர்கள், பி.எஸ்சி. கணிதத்தில் மெய்ப்பகுப்பாய்வும் நுண்ணியற்கணிதமும் தொடங்கியதும் திகைத்துப் போவதைக் கணிதத் துறை நண்பர்கள் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். விடை என்ன என்ற கேள்வி அங்கே மறைந்து, ஏன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் எஞ்சுகிறது. கணக்கைப் போட்டு முடித்ததில் மகிழ்பவருக்கும், போட்ட கணக்கு ஏன் பலித்தது என்று தூக்கம் வராமல் கிடப்பவருக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாமவருக்கே இந்தப் பாடம். ஆய்வகம் இல்லை, கருவி இல்லை என்பதால் செலவு குறைவு. முதுகலைக்குப் பின் தொடர விரும்புபவர்களுக்குச் சென்னைத் தரமணியில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனமும், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பட்டத்துக்குப் பின் கணினித் துறைக்கும் புள்ளியியலுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் போக இந்தப் பாடம் இடம் தருகிறது. கணினி அறிவியலைப் பற்றி இங்கே தனியாக எழுதவில்லை. என் அண்ணன் மகளுக்கு அதில் நாட்டம் இல்லை, மேலும் அதற்கு ஆள் சேர்க்க என் எழுத்து தேவையும் இல்லை.

இயற்பியல்

இயற்பியலில் சர்ச்சையைத் தீர்ப்பது கணக்கிட்ட எண்ணும் அளந்த எண்ணும் பொருந்துவது. எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது, அளவையில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது இயற்பியல்.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நூலில் தொங்கும் குண்டு ஒருமுறை போய்வர ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அமுக்குவதில் நம் விரல் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்துகிறது என்று வைத்தால், ஒரே ஓர் அலைவை அளந்தவருக்குப் பத்து சதவீதப் பிழை வரும். இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்து இருபதால் வகுத்தவருக்கு அதே விரல், அதே கடிகாரம், ஆனால் பிழை அரை சதவீதம். பாடப்புத்தகத்தில் ‘20 அலைவுகளுக்கான நேரம்’ என்று ஒரு கட்டம் இருப்பதால் நிரப்பிவிட்டுப் போகும் மாணவர்கள் நிறைய. ஏன் இருபது என்று கேட்பவர் அரிது. கேட்பவரை அந்தத் துறை ஆசிரியர்கள் பெயர் சொல்லி நினைவில் வைத்திருப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78 மீட்டர்/விநாடி² என்று வர வேண்டும். துருவத்தில் அது 9.83. கையளவு நூலும் குண்டும் பூமியின் வடிவத்தைப் பற்றிச் செய்தி சொல்கின்றன என்பதில் ஒருவருக்குச் சிலிர்ப்பு ஏற்பட்டால், அவர் இயற்பியலுக்கு உரியவர்.

இயற்பியலின் இன்னொரு குணம், அதில் கணக்கு கண்ணை முந்திக்கொண்டு போகும். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்து 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், தம் பத்தொன்பதாம் வயதில் அந்தப் பயணத்திலேயே, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குறுமீன் ஒன்றின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைக் கணக்கிட்டார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது இன்று நிலைபெற்ற மதிப்பு. அக்காலத்தின் பெருமதிப்புக்குரிய வானியலாளரான எடிங்டன் 1935இல் அதை வெளிப்படையாக எதிர்த்தார்; நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. கணக்கில் நம்பிக்கை வைத்து இத்தனை ஆண்டு காத்திருக்கும் மனம் எல்லோருக்கும் வாய்க்காது.

கணக்கு கசப்பவர் இயற்பியலில் சேர வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன். பள்ளியில் ‘தியரி’ பிடிக்கும், ‘பிராப்ளம்’ பிடிக்காது என்று பிரித்துப் பேசுகிறார்கள். கல்லூரியில் மின்காந்தவியலும் குவாண்டம் இயங்கியலும் வந்தபின் அந்தப் பிரிவினை மறைந்துவிடும். வேலையைப் பொறுத்தவரை இளநிலைப் பட்டத்தோடு நேரே கிடைக்கும் இயற்பியல் சார்ந்த பணிகள் குறைவு என்பதையும் மறைக்கக்கூடாது. கல்பாக்கம் போன்ற ஆய்வு மையங்களுக்கும், கல்லூரிப் பணிக்கும், மருத்துவமனைகளில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலுக்கும் முதுகலையோ அதற்கு மேலோ வேண்டும். ஆக, இயற்பியல் குறைந்தது ஐந்து ஆண்டுக்கான முடிவு.

வேதியியல்

என் பாடம் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். வேதியியலில் சர்ச்சையைத் தீர்ப்பது குடுவைக்குள் இருக்கும் பொருள். காகிதத்தில் எவ்வளவு அழகாகச் சமன்பாடு எழுதினாலும், பொருள் படியவில்லை என்றால் படியவில்லை. இயற்பியலைவிடக் கணக்கு குறைவு, உயிரியலைவிட விதிவிலக்கு குறைவு, இரண்டையும்விடக் கைவேலை அதிகம்.

ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலைக் கொண்டு அளக்கும் தரம் பார்த்தலை (டைட்ரேஷன்) முதலாண்டு மாணவர்கள் செய்வார்கள், அதைச் சொல்கிறேன். பிப்பெட்டில் 20 மில்லிலிட்டர் ஆக்சாலிக் அமிலக் கரைசலை எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் குடுவை இளஞ்சிவப்பாகி, அந்த நிறம் போகாமல் நிற்கும். புதிதாக வந்த பிள்ளை, வினை முடிந்துவிட்டது என்று நினைத்து, “சார், எண்டு பாயிண்ட் வந்துடுச்சு” என்று கூப்பிடும். பொறுத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தால் நிறம் மெல்ல மறையும். இரண்டாவது சொட்டு அதைவிட விரைவாக மறையும்; சிறிது நேரத்தில் விழுந்த மாத்திரத்திலேயே சொட்டுகள் நிறமிழக்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையைத் தூண்டுகிறது என்பதுதான் காரணம். தன் பிள்ளையே வந்து கை கொடுப்பதைப் போல, வினைவிளைபொருள் தன்னை உண்டாக்கிய வினையை விரைவுபடுத்துகிறது. இதைக் கரும்பலகையில் நூறு முறை எழுதலாம். குடுவையைக் கையில் வைத்து அந்த முதல் சொட்டுக்காகக் காத்திருந்தவருக்குத்தான் அது புரியும்.

பெர்மாங்கனேட் கரைசல் கருஞ்சிவப்பாக இருப்பதால் பியூரெட்டில் நீர்மட்டத்தின் அடிவளைவு தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே விளிம்பைப் படித்தால் பிழை கழிந்துபோகும். ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாகப் பார்த்தால்தான் கணக்கு கெடும். மூன்று முறை செய்து இரண்டு அளவுகள் ஒத்துவந்தால் அதை எடுத்துக்கொள்வோம். 20.6, 19.9, 19.9 என்று எழுதி, அந்த 20.6 எங்கே தவறியது என்று தானே வந்து சொல்லும் பிள்ளை வேதியியலாளர் ஆகும். பக்கத்து மேசைக்காரரின் 19.9-ஐ மூன்று முறை எழுதிக் கொடுக்கும் பிள்ளை பட்டம் வாங்கும், அதற்குமேல் அந்தப் பாடம் அதற்கு ஒன்றும் தராது.

தரம் பார்க்கப் பொறுமையும், நெடியைத் தாங்கும் மூக்கும், மணிக்கணக்கில் நிற்கும் காலும் வேண்டும். கரிம வேதியியலில் நினைவாற்றலும் ஓரளவு வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்தோடு நிறுத்திச் சம்பாதிக்க வேண்டிய குடும்பச் சூழல் இருந்தால், அடிப்படை அறிவியல்களில் வேதியியலையே நான் முதலில் சொல்வேன். மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள், சிமெண்ட் ஆலைகள், தோல் பதனிடும் தொழிற்சாலைகள், சாய ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆகிய எல்லாவற்றிலும் பி.எஸ்சி. வேதியியல் படித்தவருக்கு உட்காரவோ நிற்கவோ ஒரு மேசை இருக்கிறது. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் கற்ற வேலையையே செய்யலாம். ஆய்வுக்குப் போக விரும்புபவர்களுக்கு அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன.

தாவரவியல், விலங்கியல்

உயிரியலில் சர்ச்சையைத் தீர்ப்பது எது என்பதுதான் இவற்றுள் கடினமான கேள்வி. ஒரே விதை, ஒரே மண், ஒரே உரம் என்று பத்துச் செடிகளை வளர்த்தாலும் பத்தும் பத்து உயரத்தில் நிற்கும். ஆகவே உரம் போட்ட பாத்திக்குப் பக்கத்தில் போடாத பாத்தியும் வேண்டும். பாத்திகள் ஒன்றிரண்டு போதாது. கிடைத்த வேறுபாடு தற்செயலாக வந்ததா என்று புள்ளியியலைக் கொண்டு பார்க்க வேண்டும். கணக்குக்குப் பயந்து உயிரியலை எடுக்கிறேன் என்பவர்கள் இதை அறிந்துகொண்டு எடுப்பது நல்லது. மனப்பாடத் திறனை நம்பி வருபவர்களும் அப்படியே. பெயர்கள் நிறைய உண்டு. ஆனால் பெயர் தெரிவது உயிரியலின் வாசற்படி மட்டுமே.

கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கதை இந்தத் துறையின் வேலை எப்படிப்பட்டது என்பதைக் காட்டும். கரும்பு எல்லா ஊரிலும் பூப்பதில்லை. கோவையின் தட்பவெப்பத்தில் நன்றாகப் பூத்து விதை வைக்கும் என்பதே அந்த இடம் தேர்வான காரணங்களுள் முக்கியமானது. சாறு மிகுந்த, ஆனால் வட இந்தியக் குளிரைத் தாங்காத தடித்த கரும்பையும், சாறே இல்லாத, எதையும் தாங்கும் நாணலையும் அங்கே பணியாற்றிய பார்பரும் வெங்கட்ராமனும் கலப்பினம் செய்தார்கள். 1918இல் கோ 205 என்ற கரும்பு வகை வெளிவந்தது. பின்னர் 1930-களில் அங்கே வந்து சேர்ந்த ஜானகி அம்மாள், தலைச்சேரியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர், அந்தக் கலப்பினங்களின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி, எது எதோடு சேரும், ஏன் சேரும் என்பதை ஆராய்ந்தார். வயலில் வெயிலும், நுண்ணோக்கியில் பல மணி நேரமும், ஒரு பருவம் தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருப்பும்தான் இந்தத் துறையின் அன்றாடம்.

கல்லூரி ஆய்வகத்திலும் அதன் சிறு வடிவத்தைப் பார்க்கலாம். மெல்லிய இலையைக் கேரட் துண்டின் பிளவுக்குள் செருகிப் பிடித்துக்கொண்டு, பிளேடால் சீவிச்சீவித் தண்ணீரில் விட வேண்டும். இருபது சீவல்களில் ஒன்றுதான் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக அமையும். அதில் சாப்ரனின் சாயம் ஏற்றினால் நீர் கடத்தும் குழாய்கள் சிவந்து தெரியும். தாவரவியல் துறையைக் கடந்து போகும்போது அந்த ஒன்றுக்காகப் பத்தொன்பதைக் கொட்டும் பிள்ளைகளை மரியாதையோடு பார்த்திருக்கிறேன். விலங்கியலில் முன்பு தவளையை அறுத்துப் பார்த்த இடத்தில் இப்போது மாதிரிகளும் படங்களும் கணினியும் வந்துவிட்டன. அறுக்க மனம் வராததால் இந்தப் பாடத்தை ஒதுக்கியவர்கள் தயக்கத்தை விடலாம்.

மயிலாடுதுறைக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. பிச்சாவரத்து அலையாத்திக் காடும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், பூநாரைகள் வந்திறங்கும் கோடியக்கரையும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. இயற்பியல் மாணவர் தம் பாடத்தின் பெரிய கருவிகளைப் படத்தில்தான் பார்க்க வேண்டியிருக்க, உயிரியல் மாணவருக்கு அவருடைய பாடம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது.

நீட் தேர்வில் இடம் கிடைக்காமல், அடுத்த ஆண்டு மீண்டும் எழுதும்வரை கையில் ஒரு சீட் இருக்கட்டும் என்று விலங்கியலில் சேர்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஓராண்டில் தேர்வுக்கும் படிக்க முடியாமல், பட்டத்திலும் மனம் ஒட்டாமல் இரண்டையும் தளரவிட்டவர்களையே அதிகம் பார்த்தேன். மீண்டும் எழுதுவதானால் அந்த ஆண்டை அதற்கே கொடுப்பது மேல். அல்லது மருத்துவத்தை மனத்திலிருந்து இறக்கிவைத்துவிட்டு உயிரியலை உயிரியலுக்காகவே எடுப்பது மேல்.

நிலவியலைப் பலரும் நினைப்பதே இல்லை. சில கல்லூரிகளில்தான் இருக்கிறது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்துக் கடலடி என்பதும், அதன் அருகே சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் கிடப்பதும் ஒருவரைத் தொந்தரவு செய்தால் அவர் விசாரித்துப் பார்க்கலாம். போட்டி குறைவு, முதுகலைக்குப் பின் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கான தனித் தேர்வும் உண்டு.

எந்தத் திசையில் கதவு திறக்கிறது

பதினேழு வயதில் எடுக்கும் முடிவு வாழ்நாளைக் கட்டிவிடுமோ என்ற அச்சம் பெற்றோரிடம் அதிகம். கட்டிவிடாது, ஆனால் கதவுகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி திறப்பதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியலில் இளநிலைப் பட்டமும், 1976இல் அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அதன் பிறகே உயிரியல் படிக்க மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் அவர் பகிர்ந்துகொண்ட நோபல் பரிசு வேதியியலுக்கானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன், தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாணை வாங்கிவந்து எக்ஸ் கதிரில் ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கு என்று காட்டினார். இருவரும் இயற்பியலிலிருந்து உயிரியலுக்குப் போனவர்கள். எதிர்த்திசையில், இருபத்தைந்து வயதில் உயிரியலிலிருந்து இயற்பியலுக்குப் போனவர்களின் பெயர்களை நினைவுகூர்வது கடினம். கணக்கை இளமையிலேயே பழகிவிட வேண்டும் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். செல்லின் பாகங்களை முப்பது வயதிலும் கற்கலாம். வகைக்கெழுச் சமன்பாட்டை முப்பது வயதில் தொடங்குவது வேறு கதை.

ஆகவே கணக்கு கைவரும், ஆனால் எது பிடிக்கும் என்று தெரியவில்லை என்பவருக்கு என் ஆலோசனை இயற்பியலோ வேதியியலோதான். இதே காரணத்தால், உயிரித் தொழில்நுட்பம், நானோ அறிவியல் போன்ற குறுகிய பெயர்ப் பட்டங்களை இளநிலையிலேயே எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அவை நல்ல துறைகள். முதுகலையில் போய்ச் சேரலாம்.

சேருமுன் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும்: அந்தக் கல்லூரியில் முதன்மைப் பாடத்தோடு துணையாகப் படிக்கும் அலைடு பாடம் என்ன? இயற்பியலுக்குக் கணிதமும் வேதியியலும் அலைடாக வருவது வழக்கம். வேதியியலுக்குச் சில கல்லூரிகளில் கணிதமும் இயற்பியலும் வரும், சிலவற்றில் தாவரவியலோ விலங்கியலோ வரும். ஒரே பட்டப்பெயர்தான், ஆனால் முதலாமவர் போகக்கூடிய முதுகலையும் இரண்டாமவர் போகக்கூடிய முதுகலையும் ஒன்றாக இருக்காது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் கணிதத்துக்கும் நிலவியலுக்கும் தனித்தாள் உண்டு. தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் இல்லை, அவர்கள் உயிரித் தொழில்நுட்பத் தாளைத்தான் எழுத வேண்டும். இந்திய வனப் பணித் தேர்வுக்கோ இங்கே பேசிய எல்லாப் பாடங்களும் தகுதியானவை. காட்டு வேலைக்குத் தாவரவியல்தான் எடுக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை.

திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள, ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பில் தொடக்கத்தில் எல்லாக் கிளைகளையும் படிக்க வைத்துவிட்டுப் பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். தீர்மானிக்க முடியாதவருக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். என் அண்ணன் மகள் இந்த ஆண்டு அதற்கு விண்ணப்பிக்கவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும் அவளுக்கு முடிவு வரவில்லை. ஒரு வாரம் அவகாசம் இருந்ததால் நான்கு வேலைகள் கொடுத்தேன். முதல் ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் ஏன் எப்போதும் வர்க்க எண்ணே வருகிறது என்று காட்ட வேண்டும். மஞ்சள் தடவிய தாளில் வீட்டிலுள்ள பத்துப் பொருட்களைச் சோதித்து அட்டவணை போட வேண்டும். இரண்டு தொட்டிகளில் பத்துப் பத்துப் பச்சைப்பயறு ஊன்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்து நாள்தோறும் அளக்க வேண்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒற்றை எண்களைப் புள்ளிகளாக வரைந்து சதுரமாக அடுக்கி, ஒரே மாலையில் முடித்திருந்தாள். மஞ்சள் தாளின் அட்டவணை அழகாக இருந்தது. சோப்பும் சுண்ணாம்பும் சிவந்தன, எலுமிச்சை மாற்றவில்லை. பயறு அளவுகள் நான்காம் நாளோடு நின்றிருந்தன. ஊசலுக்கு மட்டும் நோட்டில் பதினொரு பக்கம். நூறு சென்டிமீட்டர் நூல், இருபது அலைவு, மீண்டும் இருபது அலைவு என்று நான்கு இரவுகள் செய்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் 9.6-க்குப் பக்கத்திலேயே வந்திருக்கிறது. “நூலை முடிச்சு வரைக்கும்தான் அளந்தேன். கல்லோட நடுப்புள்ளி வரைக்கும் அளக்கணும்னு நேத்து ராத்திரிதான் தோணுச்சு. ஆனா இந்தக் கல்லு கோணல்மாணலா இருக்கு சித்தப்பா, நடுப்புள்ளியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டாள்.

நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கவே வேண்டாம், இரண்டு வெவ்வேறு நீளங்களில் ஆட்டிப் பார் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. விண்ணப்பத்தில் இயற்பியலை முதலிலும் வேதியியலை அடுத்தும் குறித்துவிட்டு, நூலின் முடிச்சை அவிழ்க்க எழுந்து போனாள்.